அத்தியாயம் 5: சின்னக் கேள்வி, விடாத தொடர்பு

திருச்சி மாவட்டத்துக் குழந்தைகள் 15,419 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, 1990-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. கரூரும் பெரம்பலூரும் பிரிந்து போகாத பழைய திருச்சி மாவட்டம் அது. மதுரை அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு வாரம் ஒரு முறை சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தால் சாவு குறையுமா? ஓராண்டில் விடை கிடைத்தது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு வாய்ப்பு, பெறாத குழந்தைகளுடையதில் பாதிக்கும் கீழே இருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடமும் வளர்ச்சி குன்றியவர்களிடமும் பலன் இன்னும் கூடுதல்.

"இந்த ஊரில் இருந்துகொண்டு என்ன ஆராய்ச்சி செய்ய முடியும் சார்?" என்று கேட்கும் இளம் மருத்துவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தக் கட்டுரையைத்தான். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஊருக்குள்ளேயே இருந்த சுகாதாரத் தொண்டர்கள் வாராவாரம் வீட்டு வாசலுக்குப் போனார்கள். ஒரு தடவைக்கு 8,333 யூனிட் வைட்டமின் ஏ, கூடவே 20 மில்லிகிராம் வைட்டமின் ஈ. ஒப்பீட்டுக் குழுவுக்கு வைட்டமின் ஈ மட்டும். எந்தக் குழந்தைக்கு எது போகிறது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது.

இந்த அமைப்பைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவாகக் கொடுப்பதுதான் அன்றைய அரசுத் திட்டங்களின் வழக்கம். செலவும் அலைச்சலும் அதில் குறைவு. ஆனால் வாரம் ஒரு முறை போனால் ஓராண்டில் ஒரே வாசலுக்கு ஐம்பது தடவைக்கு மேல் போகிறோம். மருந்து கொடுக்கப் போனவரே வயிற்றுப்போக்கு உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டுக் குறித்து வருகிறார். ஒரு குழந்தை இறந்துபோனால் அந்த வாரமே தெரிகிறது. குடும்பம் ஊர் மாறினால் அடுத்த வாரமே தெரிகிறது. மருந்து வழங்கலும் கண்காணிப்பும் ஒரே நடையில் முடிகின்றன. வசதி குறைந்த இடத்தில் ஆய்வு செய்கிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமாக நான் நினைப்பது இதைத்தான்.

இதற்கு முன்பு, 1986-இல், இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்ஃப்ரட் சாமரும் அவருடைய குழுவும் நடத்திய ஆய்வும் வைட்டமின் ஏ சாவைக் குறைக்கிறது என்றே சொன்னது. அதில் ஒப்பீட்டுக் கிராமங்களுக்குப் போலி மருந்து எதுவும் தரப்படவில்லை. விமர்சகர்கள் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். திருச்சி ஆய்வில் இரு பக்கமும் ஏதோ ஒன்று கிடைத்ததால் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போனது. அதே 1990-இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு, இறப்பில் வேறுபாடு காணவில்லை என்று அறிவித்தது. இரண்டும் நேர்மையான ஆய்வுகள். ஒரே நாட்டில், ஒரே மருந்தில், கொடுக்கும் முறை மாறினால் விடையும் மாறலாம் என்பதால், இன்னோர் ஊரின் முடிவை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஊரில் ஆய்வு நடக்க வேண்டியதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

இன்னொரு முன்னோடி சென்னையில் உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை சானடோரியத்திலும் மறு சாராரை வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு நல்லது, ஓய்வும் அதிகம். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான தெருக்களில் அரைகுறை உணவோடு இருந்தார்கள். இருந்தும் குணமடைந்தவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று அறிய, முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள், மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். படுக்கை போதாத நாட்டில் படுக்கை இல்லாமலே வைத்தியம் பார்க்க முடியுமா என்ற கேள்வி, அந்தப் பற்றாக்குறையிலிருந்தே பிறந்தது. உலகம் முழுக்கக் காசநோயாளிகளை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பியதில் அந்த விடைக்குப் பெரும் பங்கு உண்டு.

பொன்மலையில் என்ன கேட்கலாம்

உங்கள் கேள்வியையும் அப்படித்தான் தேட வேண்டும். புறநோயாளிப் பிரிவில் தினம் எது உங்களைத் தடுக்கிறதோ, அதிலிருந்து எடுங்கள். புதிய மருந்தைச் சோதிக்கும் ஆசையை முதல் ஆய்வில் தள்ளி வையுங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். பங்கேற்பவருக்குப் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். சின்ன மருத்துவமனைக்கு அது தாங்காது. ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்தை நோயாளி ஒழுங்காகச் சாப்பிட எது உதவும் என்பது தாங்கக்கூடிய கேள்வி. நாட்டுக்கு உடனே பயன்படும் கேள்வியும் அதுதான்.

திருச்சியின் ரயில்வே காலனியான பொன்மலைக்கு ஒரு தனி வசதி உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இங்கே வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஒரே நிறுவனத்தோடு பிணைந்த குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், அவர்களின் மனைவி மக்கள் என்று எல்லோருக்கும் ரயில்வே மருத்துவமனையில் பதிவு இருக்கிறது. மாத மருந்து வாங்க அதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். இப்படி யார் யார் என்று தெரிந்த, திரும்பத் திரும்ப வருகிற ஒரு மக்கள்தொகையை உருவாக்கப் பெரிய ஆய்வு நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை, பணிமனையின் இரைச்சலான ஷாப்பில் வேலை பார்ப்பவரின் செவித்திறன், பற்றவைப்பவரின் நுரையீரல் என்று கேள்விகள் கண்முன்னே இருக்கின்றன.

ஆனால் இதே பிணைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. ஊழியருக்கு வைத்தியம் பார்ப்பதும், அவர் வேலைக்குத் தகுதியானவரா என்று சான்று தருவதும் ஒரே மருத்துவத் துறை. இரத்த அழுத்தம் கூடுதல் என்று ஆய்வில் பதிவானால் 'மெடிக்கல் அன்ஃபிட்' ஆகிவிடுவோமோ என்ற பயம் வரும், அந்தப் பயம் நியாயமானது. ஆகவே தகுதிச் சான்று தரும் மருத்துவர் ஆய்வுக் குழுவில் இருக்கக் கூடாது. ஆய்வுத் தாள்கள் பணிக் கோப்போடு சேரக் கூடாது. இரண்டையும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். ரயில் ஓட்டுநர்களை முதல் ஆய்வில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவருடைய இரகசியத்தைக் காப்பதா, பயணிகளின் பாதுகாப்பைப் பார்ப்பதா என்ற சிக்கலைத் தீர்க்கும் அமைப்பு உங்களிடம் இருக்காது.

கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமும் பக்கத்தில்தான். எல்லோரும் ஓரிடத்தில் இருக்கிறார்கள், எளிதில் சேர்த்துவிடலாம் என்பதற்காக அங்கே போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இடம்பெயர்ந்தவர்களைத் தனிப் பாதுகாப்புக்கு உரியவர்களாகச் சொல்கின்றன. அந்த மக்களின் நோய் பற்றிய, அவர்களுக்கே பயன் தரும் கேள்வி என்றால் மட்டும் போகலாம்.

ஒப்புதல் வாங்கும் இடம்

படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அது எங்கே, யார் முன்னால் வாசிக்கப்படுகிறது என்பது முக்கியம். ஷாப் மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது "விருப்பம் இருந்தா சேருங்க" என்று சொன்னால், அதில் விருப்பத்துக்கு இடமில்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிறகோ, வீட்டிலோ பேசுங்கள். படிவத்தைக் கொடுத்து, வீட்டில் கலந்து பேசச் சொல்லி, மறுநாள் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும்.

மொழியைப் பேச்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். "நீங்க இதுல சேரலைன்னாலும் உங்க மருந்து, உங்க டாக்டர், எதுவும் மாறாது. நடுவுல வேண்டாம்னு தோணினா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம், ஏன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல" என்பது ஒரு நல்ல பத்தி. அதையே "பங்கேற்பாளர் எந்நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை உடையவராவார்" என்று எழுதினால் யாரும் இரண்டாம் வரிக்குப் போக மாட்டார்கள். குலுக்கல் முறையை ஒளிக்காதீர்கள். உங்களுக்கு எது கிடைக்கும் என்று டாக்டர் முடிவு செய்வதில்லை, சீட்டுதான் முடிவு செய்கிறது, எது நல்லது என்று எங்களுக்கே இன்னும் தெரியாததால்தான் இதைச் செய்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். ஆய்வாளரே 'தெரியாது' என்று ஒத்துக்கொள்வதைக் கேட்டால் மக்களுக்கு நம்பிக்கை கூடும்.

எத்தனை பேர் வேண்டும்

பல ஆய்வுகள் சறுக்குவது இங்கே. ஓர் உதாரணம். மருந்தாளுநர் மாதம் ஒரு முறை தொலைபேசியில் நினைவூட்டினால் இரத்த அழுத்தம் கட்டுப்படுமா என்று பார்க்கிறீர்கள். இப்போது 100 பேரில் 40 பேருக்குக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அது 55 ஆகும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வழக்கமான புள்ளியியல் அளவுகோல்களின்படி ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 170 பேர் வேண்டும். 15 விழுக்காட்டினர் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று வைத்தால் 200. ஆக மொத்தம் 400. அதே ஆய்வில் 40-இலிருந்து 45 ஆகும் என்று மட்டும் எதிர்பார்த்தால் ஒரு குழுவுக்கே 1,530 பேர் வேண்டும். வித்தியாசம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் ஆட்கள் ஒன்பது மடங்காகிறார்கள். சின்ன மருத்துவமனை நுட்பமான வித்தியாசங்களைத் தேடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

காலனியில் இன்னொரு சிக்கல். ஒரே வரிசைக் குவார்ட்டர்ஸில் ஒருவருக்கு அழைப்பு வருகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவில்லை என்றால், மாலைக்குள் இருவரும் பேசிவிடுவார்கள். அப்போது ஆளுக்கு ஆள் குலுக்காமல் வரிசை வரிசையாகக் குலுக்க வேண்டும். அதற்கு விலையும் உண்டு. வரிசைக்கு 20 பேர், ஒரே வரிசையில் இருப்பவர்களின் அளவீடுகளுக்குள் ஒற்றுமை (ஐ.சி.சி.) 0.02 என்று கொண்டால் ஆட்களின் எண்ணிக்கை 1.38 மடங்காகும். 400 பேர் 552 ஆவார்கள். இந்தக் கணக்கை ஆய்வு தொடங்கும் முன் ஒரு புள்ளியியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தரவெல்லாம் சேர்ந்த பிறகு அவரிடம் போனால் அவரால் எதையும் சரிசெய்ய முடியாது.

ஆளுக்கு ஆள் குலுக்குவது என்றால் கணினி தேவையில்லை. வரிசை எண்ணிட்ட, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத உறைகள் போதும். சீட்டை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். உறைகள் மருந்தகத்தில் பூட்டில் இருக்கட்டும். ஆளைச் சேர்ப்பவரும் உறையை வைத்திருப்பவரும் ஒருவராக இருக்கவே கூடாது. 1948-இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு, மூடிய உறைகளை வைத்துத்தான் நடந்தது.

வெயிலும் இரத்தமும்

சர்க்கரை அளவு பார்க்கும் ஆய்வுகளில் நம் ஊர் வெயில் தனி எதிரி. எடுத்த இரத்தம் குழாயில் அப்படியே இருந்தால், அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. காலையில் பக்கத்துக் கல்கண்டார்கோட்டையில் எடுத்த இரத்தம் நண்பகலில் ஆய்வகம் சேர்ந்தால், நோயாளிக்குச் சர்க்கரை குறைந்தது போலவே காட்டும். ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் இருக்கிறதே என்று அமைதியடைய வேண்டாம். அது முழுதாக வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். எடுத்தவுடன் ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் வைத்து, அரை மணிக்குள் பிளாஸ்மாவைப் பிரிப்பதுதான் வழி. முடியாது என்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனைக்கு மாறுங்கள், அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் இரத்தசோகை உள்ளவர்களிடம் அது தவறாகக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு ஐந்து நிமிடம் உட்கார வைப்பதும், கைப்பருமனுக்கு ஏற்ற பட்டையும் போதும். ஷிப்ட் முடிந்து சைக்கிள் மிதித்து வந்தவுடன் அளக்காதீர்கள். 180/110-க்கு மேல் காட்டினால் அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

ஆட்களை விடாமல் பிடிப்பது

இரண்டு தொலைபேசி எண்கள், வீட்டுக்கு அடையாளமாக ஒரு கடையோ கோயிலோ, வேறூரில் இருக்கும் பிள்ளையின் எண்: ஒவ்வொருவரிடமும் இவற்றைச் சேரும்போதே வாங்கி வையுங்கள். ஓய்வு பெற்றவர் மகன் வீட்டோடு இருக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவது இங்கே சாதாரணம். பிள்ளையின் எண் இருந்தால் அங்கேயும் தொடரலாம்.

நாட்காட்டியைத் திட்டம் எழுதும்போதே விரித்து வையுங்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து, இராப்பத்து நாட்களில் வீட்டுச் சந்திப்பு வேண்டாம். வீடு நிறைய உறவினர் இருப்பார்கள், பலர் விரதம் இருப்பார்கள், சர்க்கரை அளவும் சாதாரண நாளின் அளவாக இருக்காது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள், ரம்ஜானில் நோன்பு வைப்பவர்கள் ஆகியோரின் மருந்து நேரம் மாறும். மே மாதம் பேரக்குழந்தைகளின் விடுமுறை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சும் வாரங்களில் பெரிய அளவீடுகளை வையுங்கள்.

போக்குவரத்துச் செலவு கொடுங்கள். 2021 முதல் பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை, ஆனால் கூட வரும் கணவருக்கு உண்டு. ஒரு நாள் கூலியை விட்டு வரச் சொல்வதைவிட மாத மருந்து வாங்க வரும் நாளிலேயே ஆய்வு அளவீட்டையும் முடிப்பது நல்லது. தனி நாளில் வரச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சிலரை இழப்பீர்கள். திருச்சி மாவட்டத்தின் வாராந்திர நடையை உங்களால் செய்ய முடியாமல் போகலாம், ஆனால் மாதாந்திர மருந்துச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது.

தரவைத் தாளில் எழுதி, அன்றே ரெட்கேப் போன்ற கட்டணமில்லா மென்பொருளில் ஏற்றுங்கள். பெயரும் எண்ணும் உள்ள ஏடு ஓர் அலமாரியில், எண்ணும் அளவீடும் உள்ள தாள் இன்னோர் அலமாரியில்.

இடமாற்றம்

பணத்தைவிட அதிகமாக ஆய்வுகளை நிறுத்துவது இடமாற்ற உத்தரவு. ரயில்வே மருத்துவரும் மாறுவார், அரசு மருத்துவரும் மாறுவார். அவர் தலைக்குள் இருந்த ஆய்வும் அவரோடு போய்விடும். தொடக்கத்திலேயே இரண்டு ஆய்வாளர்கள் வேண்டும். ஒருவராவது ஊரில் வேரூன்றியவராக, மாறாதவராக இருக்கட்டும். கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு கூட்டாளி, பிஷப் ஹீபர் கல்லூரியிலோ பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலோ சமூகப்பணித் துறையில் ஒருவர் என்று குழு அமைத்தால் வீடு தேடிப் போகும் வேலைக்கும் கை கிடைக்கும். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தரும் இரண்டு மாதக் குறுகியகால உதவித்தொகையையும் கேட்டுப் பாருங்கள். வாரம் ஒரு பக்கம் எழுதும் ஆய்வுப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருபவர் அதைப் படித்துத் தொடரும்படி.

செவிலியரும் மருந்தாளுநரும் வேலையில் பாதியைச் செய்கிறார்கள் என்றால், கட்டுரையில் அவர்கள் பெயர் நன்றியுரையோடு நின்றுவிடக் கூடாது. திட்டம் வகுப்பதில் அவர்களைச் சேர்த்து, எழுதியதைக் காட்டித் திருத்தம் கேட்டு, ஆசிரியர் பட்டியலில் இடம் கொடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அனுமதிகள்

முதலில் நிர்வாக ஒப்புதல். ரயில்வே மருத்துவமனை என்றால் அது மேலிடம் வரை போகும், ஆகவே முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பிறகு பதிவு பெற்ற நெறிமுறைக் குழு. அதில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் குறைந்தது பாதிப் பேர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து, மருத்துவம் சாராத ஒருவர், குறைந்தது ஒரு பெண். உங்களிடம் குழு இல்லையென்றால் வழி அடைபடவில்லை. மருந்துப் பரிசோதனைக்கே கூட அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள பதிவு பெற்ற குழுவின் ஒப்புதலை விதிகள் ஏற்கின்றன. அடுத்து, 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, ஆய்வைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. எதை அளக்கப் போகிறோம் என்று அங்கே எழுதிவிட்டால், பிறகு வசதியான முடிவைத் தேடி அளவுகோலை மாற்ற நமக்கே மனம் வராது.

முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள், வேறுபாடு இல்லை என்றாலும்கூட. கட்டுரை அச்சாகும் வரை காத்திராமல், பங்கேற்றவர்களைக் கூட்டி, ஓய்வு பெற்றோர் சங்கத்தின் மாதக் கூட்டத்திலேயே கூடச் சொல்லிவிடலாம். நினைவூட்டல் அழைப்பு பயன் தந்தது என்று தெரிந்தால், அதைப் பெறாத 200 பேருக்கும் அடுத்த மாதத்திலிருந்து அழைப்பு போக வேண்டும். அதற்கான தொலைபேசிச் செலவையும் மருந்தாளுநரின் நேரத்தையும் முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.